புதுப்பிப்பு: அப்பாவின் சத்து மாத்திரைகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: அப்பாவுக்கு 14 வருஷமாகச் சர்க்கரை, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து 3 வருஷம், பாதம் எரிகிறது என்கிறார், மல்டிவிட்டமின் வாங்கிக் கொடுக்கலாமா என்று.

டாக்டரிடம் போய்விட்டு வந்தோம். வீட்டில் கிடந்த டப்பாக்களை எல்லாம் மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. வைட்டமின் பி12 குறைந்தாலும் பாதம் எரியுமாம், அதனால் முதலில் ரத்தத்தில் அதைப் பார்க்கச் சொன்னார். 142 வந்தது, 200க்குக் கீழே போனாலே குறைவு. அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறையுமாம். பி12 அதிகம் இருப்பது அசைவத்தில், அப்பாவோ சுத்த சைவம், கேட்க வேண்டுமா! இப்போதைக்கு ஊசி, அப்புறம் மாத்திரை. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை.

வைட்டமின் இ 400 மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். அது மாரடைப்பைத் தடுக்கவில்லை என்று 2000இல் வந்த ஹோப் (HOPE) என்ற மருத்துவ ஆய்விலேயே தெரிந்துவிட்டது. அம்மா முடிக்காக வாங்கிய பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையையும் அப்பா கூடவே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சுவலி என்று ஓடும்போது, மாரடைப்பா என்று பார்க்க எடுக்கும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையில் அது அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடலாம். இதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எரிச்சல் முழுசாகப் போகவில்லை. ராத்திரி காலில் ஈரத்துணி சுற்றிக்கொள்வது மட்டும் நின்றிருக்கிறது. 3 மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.