காற்றாலை வடிவமைப்புப் படிக்க எங்கே தொடங்குவது?

கல்முனை மாணவி:
இஞ்சினியரிங் கடைசி வருசம். வயல் பக்கம் வைக்கிற சின்னக் காற்றாலை ஒன்றுக்குப் பிளேட் (சுழலும் இறக்கை) வடிவமைப்பதும், பாசிக்குடாப் பக்கம் பத்துப் பெரிய காற்றாலைகளை எப்படி நிறுத்தலாம் என்ற திட்டமும்தான் என் ப்ரொஜெக்ட். தலைப்பைக் கொடுத்துவிட்டேன், இப்போது முழிக்கிறேன். யூடியூப்பில் பிவிசி குழாயை வெட்டிக் காட்டுகிற வீடியோதான் வருகிறது. காசு கட்டாமல் படிக்க என்ன இருக்கிறது அண்ணாமாரே?

சம்மாந்துறையான்:
தங்கச்சி, பிளேட்டுக்கு கியூபிளேட் என்ற மென்பொருளை எடுங்கள், இலவசப் பதிப்பே போதும். ஆனால் அதைத் திறக்க முதல் பிளேட் எலிமென்ட் மொமென்டம் கணக்கை எக்ஸெல்லில் ஒரு தரம் நீங்களே போடுங்கள். பிளேட்டைப் பத்துத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று எந்தக் கோணத்தில் படுகிறது என்று பார்த்தால்தான் நுனிக்குப் போகப் போக முறுக்கு ஏன் குறைகிறது என்பது விளங்கும். செயல்திறன் 59.3 வீதத்தைத் தாண்டினால் சந்தோசப்படாதீர்கள், அது பெட்ஸ் எல்லை, காற்றின் சக்தியில் அதற்கு மேல் எந்தக் காற்றாலையும் எடுக்க முடியாது, எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்று மின்சாரக் கோர்ஸ் ஒன்று கோர்ஸெரா இணையத்தளத்தில் இருக்கிறது, அடிப்படைக்கு நல்லது.

கல்லடிக் கிழவன்:
மனே, மென்பொருள் கிடக்கட்டும், முதலில் காற்றைப் படி. நான் வீட்டுக் கூரையில் ஒன்று பூட்டி மூன்று மாதம் பார்த்தேன். சுற்றிவரத் தென்னை, காற்று சுழன்று சுழன்று அடிக்கும், ஒரு பல்ப் கூட ஒழுங்காக எரியவில்லை. பிளேட்டில் பிழையில்லை, இடம்தான் பிழை. பக்கத்து மரத்தை விட 10 மீற்றராவது உயரம் வேண்டும். சக்தி காற்று வேகத்தின் மும்மடியாகப் பெருகும், அதால வேகம் செக்கனுக்கு 6 மீற்றரிலிருந்து 7 மீற்றரானால் சக்தி ஏறக்குறைய 59 வீதம் கூடும். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், பின்னேரம் கடற்காற்று எதிரே வரும், மாரியில் வாடைக்காற்று. ஒரு வருசச் சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதே, மாதம் மாதமாகப் பிரி. 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்தவன் சொல்கிறேன், கோபுரம் தாங்குமா என்ற கணக்கையும் சேர். காற்றாலைகளுக்கான ஐஇசி 61400 என்ற சர்வதேசத் தரத்தில் சூறாவளிப் பகுதிக்குத் தனி வகுப்பே இருக்கிறது.

மன்னார் பொடியன்:
திட்டமிடும் பகுதிக்கு குளோபல் விண்ட் அட்லஸ் என்ற இணைய வரைபடத்தைப் பாருங்கள், இலவசம்தான். 50, 100 மீற்றர் உயரத்தில் பாசிக்குடாவில் காற்று எப்படி என்று வரைபடத்திலேயே தெரியும். அது மாதிரிக் கணக்குத்தான், அளவீடு இல்லை, அதை அறிக்கையில் எழுதுங்கள். ஒரு காற்றாலை காற்றை மறைக்கிற இடத்தில் மற்றது நின்றால் எவ்வளவு இழப்பு என்று பார்க்கப் பைவேக் என்ற மென்பொருள் இருக்கிறது, பைதன் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் சரி. காற்று வரும் திசையில் பிளேட் சுற்றும் வட்டத்தின் ஏழெட்டு விட்டம் இடைவெளி, குறுக்கே மூன்று நான்கு. எங்கட மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலையும் தென்கரையோரமாக வரிசையாக நிற்பதைப் படத்தில் பாருங்கள், தென்மேற்குக் காற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன. அப்புறம் பறவைகள் பிளேட்டில் அடிபடுகிற பிரச்சினை. மன்னாரில் அதுதான் பெரிய சண்டை. பாசிக்குடாவில் மீனவரும் ஹோட்டல்காரரும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமல் புள்ளி வைத்துவிடாதீர்கள்.

கல்முனை மாணவி:
எல்லாருக்கும் நன்றி, எக்ஸெல்லில் இருந்தே தொடங்குகிறேன். ஐயா, கச்சான் என்று தேடிப் பார்த்தேன், கடலை வறுக்கிற வீடியோதான் வருகிறது.

கல்லடிக் கிழவன்:
அதையும் வாங்கி வைத்துக்கொண்டு படி மனே.