27 கிலோ கதையும் பிள்ளைகளின் பிடரியும்

மாங்குளத்தான்:
வருகிற ஞாயிறு மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை வீட்டிலும் போன் கொடுக்கமாட்டோம் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். பெற்றோர் குழுமத்தில் சுற்றும் ஒரு படம்தான் காரணம். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும், பிள்ளைகளின் முள்ளந்தண்டு வளைந்துவிடும், மண்டைக்குப் பின்னால் கொம்பு முளைக்கும் என்று அதில் போட்டிருக்கிறது.

மகனுக்கு 13 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விறாந்தைப் படியில் குந்தி, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு ஃப்ரீ ஃபயர் விளையாட்டு. பின்னால் நின்று பார்த்தால் தலையே தெரியாது. சட்டைக் கொலருக்கு மேலே பிடரி எலும்பின் முடிச்சு மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டு கிழமையாகக் கழுத்து நோகிறது என்கிறான். கையெழுத்து வைக்கலாமா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
யோசிக்காமல் வையுங்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே கடதாசி வருகிறது, எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளையின் முள்ளந்தண்டு போய்விடும் என்று அதில் ஒரு வரியும் போட்டிருக்கிறோம். 19 வருஷமாகப் படிப்பிக்கிறேன். காலையில் தேவாரம் முடியும்வரை நிமிர்ந்து நிற்க முடியாத பிள்ளைகளை முன்பு இவ்வளவு கண்டதில்லை. இப்போது வரிசையில் பாதிப்பேர் தோளைத் தொங்கப்போட்டு, நாடியை முன்னால் நீட்டிக்கொண்டு, குளக்கரையில் கொக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களை மூடியபோது பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கச் சொன்னதே நாங்கள்தான். அந்தப் பிழையில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 27 கிலோ என்றால் அரை யூரியா மூட்டைக்கும் கூட. எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் அதை ஏற்றி மூன்று மணித்தியாலம் இருத்துவீர்களா?

பிசியோ தம்பி:
ரீச்சர், நான் வவுனியாவில் பிசியோதெரபி செய்கிறவன். அந்த மூட்டையை முதலில் இறக்கி வைப்போம். 2014இல் நியூயோர்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கணினியில் ஒரு கழுத்தைக் கட்டிக் கணக்குப் போட்டார். வளர்ந்தவரின் தலை நிமிர்ந்திருக்கும்போது சுமார் 5 கிலோ. 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12, 30 பாகையில் 18, 60 பாகையில் 27. எந்தப் பிள்ளையின் கழுத்தையும் அவர் அளக்கவில்லை, யாருக்கு நோ வந்தது என்றும் பார்க்கவில்லை. தண்ணீர் வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால், உடம்போடு அணைத்துப் பிடிப்பதைவிடப் பாரமாகத் தெரியும் அல்லவா, அதே கணக்குத்தான் இது. பிடரித் தசைக்கு வேலை கூடுகிறது, உண்மை. வேலை கூடுவது வேறு, எலும்பு வளைவது வேறு.

கொம்பு இன்னும் மோசம். 2018இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் எக்ஸ்ரேக்களைப் பார்த்து, பிடரி எலும்பில் வரும் முனைப்பு இளம் ஆட்களிடமும் நிறைய இருக்கிறது என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் பத்திரிகைகள் அதைக் கொம்பாக்கின. யார் எவ்வளவு நேரம் போன் பார்த்தார் என்ற கணக்கே அந்த ஆய்வில் இல்லை. பிறகு ஆய்விதழே திருத்தம் போட்டது. அந்தத் திருத்தத்தை எந்தக் குழுமத்திலும் நான் காணவில்லை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
சரி, கணக்கை விடுங்கள். கண்ணால் காண்பதையும் விடவா? போன் கூடப் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து நோவும் கூட என்று எத்தனையோ நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நானும் கொஞ்சம் வாசிக்கிறவள்தான்.

பிசியோ தம்பி:
சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரேயொரு முறை கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கியவை. போன் பார்த்ததால் நோ வந்ததா, நோவோடு படுத்துக்கிடக்கிற பிள்ளை பொழுதுபோக்கப் போன் பார்க்கிறதா என்று அதில் பிரித்தறிய முடியாது. பிரேசிலில் 18 முதல் 21 வயது வரையான மாணவர் 150 பேர் போன் பார்க்கும் நிலையை நேரில் பார்த்து, கழுத்து நோவோடு ஒப்பிட்டார்கள். 2018இல் வந்த ஆய்வு. கூடக் குனிகிறவருக்கு நோ கூட என்று வரவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவில் 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கழுத்து நிலையைப் பார்த்ததிலும் அதே முடிவுதான்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
17, 18, 21! தம்பி, அவர்கள் எலும்பு முற்றிய ஆட்கள். நான் சொல்வது எட்டு வயதை. ஏன், மூன்று வயதை. எங்கள் ஒழுங்கையில் ஒரு குழந்தைக்குச் சோறு தீத்த வேண்டுமென்றால் கார்ட்டூன் போடவேண்டும், இல்லாவிட்டால் வாய் திறக்காது. அந்தக் குழந்தையின் கழுத்தை உங்கள் பிரேசில்காரர் பார்த்தார்களா?

பிசியோ தம்பி:
இல்லை. அது நியாயமான கேள்வி. மூன்று வயதைப் பற்றிப் பேசினால் நான் உங்கள் பக்கம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அதன் கவலை பிள்ளை அசையாமல் இருப்பதும் நித்திரை குறைவதும். கூன் விழும் என்று அதில் எங்கேயும் இல்லை.

கண்டாவளை வயல்காரன்:
என் அம்மா விடியப்புறம் குனிந்தால் வெயில் ஏறும்வரை நிமிர மாட்டா. களை பிடுங்க, மிளகாய்க் கன்று நட, கச்சான் பிடுங்க என்று முப்பது வருஷம் குனிந்தே கிடந்தா. அவவின் முள்ளந்தண்டைப் பற்றி ஒருவரும் கூட்டம் போடவில்லை, கடதாசி அடிக்கவில்லை. பெடியன் படியில் குந்தி இருக்கிறானாம், அதற்கு ஒரு கூட்டமாம்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
அம்மாவுக்கு நாரி நோ இல்லையா அண்ணை?

கண்டாவளை வயல்காரன்:
இருக்கு. ஒவ்வொரு இரவும் எண்ணெய் பூசித் தேய்க்கிறேன். சரி, நான் போட்ட உதாரணம் எனக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். போனைப் பறித்தபிறகு பிள்ளை எங்கே ஓடும்? எங்கள் பக்கம் விளையாட்டு மைதானம் மூன்று கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. காட்டுக்கரைக் கிராமங்களில் பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து வளவுப் படலையைத் தாண்ட விடமாட்டார்கள். பின்னேரம் நான்கரைக்கு ரியூசன், முடிய ஆறு மணி. அங்கேயும் வாங்கில் குனிந்துதான் எழுதுகிறான். கொப்பியைப் பார்த்துக் குனிந்தால் மட்டும் பாரம் ஏறாதா?

பழைய தறப்பாள்:
இடையில் ஒரு விஷயம். “முள்ளந்தண்டு போய்விடும்” என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பாவியுங்கள். என் மச்சானுக்கு 2009 ஏப்ரலில் முதுகில் ஷெல் துண்டு பட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். இரவிலும் எழும்பிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், விட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். எங்களுக்கு முள்ளந்தண்டு போவது என்றால் அதுதான். மனுஷனுக்கு வெளியுலகம் என்று இருப்பதே போன் ஒன்றுதான், மல்லாந்து படுத்து நெஞ்சில் நிறுத்தி வைத்துப் பார்ப்பார். அந்த 27 கிலோப் படத்தைக் காட்டினேன். “அப்ப மல்லாந்து கிடக்கிற எனக்கு எத்தனை கிலோ போட்டிருக்கு?” என்று கேட்டுச் சிரித்தார்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
மன்னிக்கவேண்டும் தம்பி. அந்த வரியைக் கடதாசியிலிருந்து எடுக்கச் சொல்கிறேன்.

மல்லாவி அம்மா:
நான் தடைக்கு ஆதரவும் இல்லை, எதிரும் இல்லை. என் மகளுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

தரம் 7இல் அவளுடைய ஒரு தோள் உயர்ந்து தெரிந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் வலது தோள்பட்டை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும், கழுத்துப்பட்டி எந்நேரமும் கோணல். ஒருக்களித்துப் படுத்துப் போன் பார்க்கிறாள், அதுதான் காரணம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். மாமியும் அதையே சொன்னா. காட்டிய டொக்டர் ஒருவரும் சட்டைக்கு மேலால் பார்த்துவிட்டு, போனைக் குறையுங்கள் என்று அனுப்பினார். பறித்து அலுமாரியில் பூட்டினேன். எட்டு மாதம். அழுதாள், ஏசினேன். சாப்பிட இருந்தால் “நிமிர்ந்து இரு” என்று முதுகில் தட்டுவேன். அவளும் நிமிரப் பார்ப்பாள், தோள் மட்டும் இறங்காது.

சித்திரை வருஷத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தோம். தையல்கார அக்கா அளவுநாடாவைப் பிடித்து இரண்டு தரம் அளந்தா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இரண்டு பக்கமும் ஒரு அளவு வருதில்லை, பிள்ளையை வடிவாகக் காட்டுங்கோ” என்றா. யாழ்ப்பாணம் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தால் 28 பாகைப் பக்க வளைவு. ஸ்கோலியோசிஸ் என்றார்கள். வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்குமாம், பெரும்பாலும் காரணம் பிடிபடாதாம். போனால் வருவது இல்லை, புத்தகப்பையால் வருவதும் இல்லை, அவள் படுத்த விதத்தாலும் இல்லை. பிள்ளை திடீரென்று உயரும் வயதில்தான் வளைவும் கூடும். அந்த வயதின் எட்டு மாதத்தைத்தான் நான் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் ஒரு பிரேஸ். ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம். வைகாசி வெயிலில் உள்ளே போடும் பெனியனை இரண்டு தரம் மாற்றவேண்டும், பிழிந்தால் தண்ணீர் வடியும்.

பிசியோ தம்பி:
அக்கா, பிரேஸைக் கைவிடாதீர்கள். 2013இல் வந்த பெரிய ஆய்வொன்றில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு சத்திரசிகிச்சை அளவுக்குப் போகவில்லை, போடாதவர்களில் 48 சதவீதம். கூடுதல் நேரம் போட்டவர்களுக்குப் பலனும் கூட. வளைவு 10 பாகையைத் தாண்டினால்தான் ஸ்கோலியோசிஸ் என்ற பெயரே வைப்பார்கள், அப்படியானவர்களிலும் அநேகருக்கு வைத்தியம் தேவைப்படாது. உங்கள் மகளைப் போல 25ஐத் தாண்டி, இன்னும் வளர இருக்கிறவர்களுக்குத்தான் பிரேஸ்.

ரீச்சர், எனக்கு இந்தக் கடதாசியில் பிடிக்காதது இதுதான். எல்லாப் பழியையும் போனில் போட்டுவிட்டால் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

மாங்குளத்தான்:
வீட்டில் நான் பார்க்கலாமா? எப்படி?

பிசியோ தம்பி:
பார்க்கலாம் அண்ணை. வெறுங்கால், மேற்சட்டை வேண்டாம். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லுங்கள். கும்பிடுகிற மாதிரி உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்கால் மடிக்காமல், கையைத் தொங்கவிட்டபடி மெதுவாகக் குனியவேண்டும். நீங்கள் பின்னால் குந்தி, கண்ணை அவன் முதுகு மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்க விலா மற்றப் பக்கத்தைவிட மேடாகத் தெரிந்தால் காட்டவேண்டும். பிறகு பாயில் குப்புறப் படுக்கவிடுங்கள். கூனல் தட்டையாகிவிட்டால் அது சும்மா சோம்பல் கூனல். படுத்தும் நிமிராமல் விறைப்பாக நின்றால் அதையும் காட்டவேண்டும், பதின்ம வயதில் முள்ளெலும்புகளே ஆப்பு வடிவத்தில் வளரும் ஒரு நிலை இருக்கிறது. இரவில் நித்திரையைக் குழப்புகிற நோ, காய்ச்சல், உடம்பு மெலிவது, கால் சோர்வது, சிறுநீர் போவதில் மாற்றம், இவற்றில் ஒன்று இருந்தாலும் போனைப் பற்றி வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே கொண்டுபோங்கள்.

வெறும் கழுத்து நோ என்றால், ஒரே இருப்பில் ஒரு மணித்தியாலம் இருக்க விடாமல் எழுப்புங்கள். படியை விட்டு மேசைக்குக் கொண்டுவந்து போனைக் கண் மட்டத்துக்குக் கிட்ட உயர்த்தி வையுங்கள். பிறகு ஓட்டம், சைக்கிள், நீச்சல், எதுவென்றாலும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம். 5 முதல் 17 வயதுவரை அவ்வளவு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. “நிமிர்ந்து இரு” என்று ஏசி யாரும் நிமிர்ந்ததை என் வேலையில் நான் கண்டதில்லை.

சந்திப் போன்கடை:
நான் எதைச் சொன்னாலும் வியாபாரம் என்பீர்கள். இருந்தாலும், பிள்ளைக்கு நேரக் கட்டுப்பாடு போட்டுத் தரச்சொல்லி வருகிற அப்பாமார், நான் அதைச் செய்து முடிக்கும்வரை கவுண்டரில் சாய்ந்து தங்கள் போனைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
அதைச் சொன்னதற்கு நன்றி, கூட்டத்தில் வாசிக்கிறேன். தடையை முழுக்க எடுக்க நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இரவு 11 மணிக்குப் பிள்ளைகள் குழுமத்தில் பச்சை வெளிச்சத்தோடு நிற்பதை நான் பார்க்கிறேன், அடுத்த நாள் முதல் பாடத்தில் அவர்கள் தூங்குவதையும் பார்க்கிறேன். முள்ளந்தண்டு இல்லாவிட்டால் நித்திரைக்காக என்றாலும் நான் கையெழுத்து வாங்குவேன்.

பிசியோ தம்பி:
நித்திரைக்கென்றால் நானே முதல் கையெழுத்து வைக்கிறேன். எட்டு மணித்தியாலமாவது வேண்டும், 12 வயதுக்குக் கீழே ஒன்பது.

மாங்குளத்தான்:
இன்றிரவு பார்த்தேன். சட்டையைக் கழற்ற வெட்கம், கதவைச் சாத்தச் சொன்னான். குனிந்தபோது இரண்டு பக்கமும் சமம்தான், பாயில் படுத்ததும் கூனலும் போய்விட்டது. தோள்பட்டைக்குக் கீழே விரல் நீளத்தில் வெளிறிய தழும்பு ஒன்று. கேட்டால், போன வருஷம் அம்மம்மா வீட்டுக்குப் போனபோது இரணைமடு வாய்க்காலில் குதித்துக் கரைக்கட்டில் உரசியதாம். அம்மம்மாவும் மூடி மறைத்துவிட்டா. இப்போது மேசையில் பால்மா டின்னைக் கவிழ்த்து அதில் போனைச் சாய்த்து வைத்து விளையாடுகிறான். முகம் பாதி நேரம் நிமிர்ந்திருக்கிறது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
பிசியோ தம்பி, கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவீர்களா? தரம் 6 முதல் 9 வரை ஒருக்கால் பார்த்துவிட்டால் நல்லது. பெண்பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண் ஆளும் வேண்டும். அதிபரிடம் நான் கதைக்கிறேன், பெற்றோரிடமும் முதலே கேட்டு வைக்கிறேன்.

பிசியோ தம்பி:
என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவரைக் கூட்டிவருகிறேன். காலையில் நேர் பஸ் இருக்கிறதா?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:
நேர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி மாங்குளம் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடியுங்கள். அன்றைக்கும் எட்டரைக்குத் தேவாரத்தோடுதான் தொடங்குவோம், அதற்குள் வந்தால் அதில் நிற்கிற கொக்குகளையும் பார்க்கலாம்.