"பலிச்சுதா மிஸ்?" என்று கேட்ட மாணவனுக்கு என்ன சொல்வது?

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை

பணம் கொட்டும் என்று நம்பி ஒருவரை நரபலி கொடுத்த செய்தி. பையன்களின் போனில் அந்த வீடியோதான் சுற்றுகிறது. வகுப்பில் ஒருவன் எழுந்து, "பலி கொடுத்தாங்களே மிஸ், பலிச்சுதா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவல். "அதெல்லாம் பலிக்காதுடா. போலீஸ் பிடிச்சிட்டாங்க பாரு" என்று உட்காரவைத்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பலித்திருந்தால், மாட்டாமல் இருந்திருந்தால் சரி என்றல்லவா ஆகிறது என் பதில்? செத்தவரைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு மறுபடி அதே வகுப்பு.

பதில்: பள்ளி ஆலோசகர்

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுராவின் 1965 சோதனை நினைவுக்கு வருகிறது. பொம்மையை அடிக்கும் பெரியவர் தண்டனை வாங்குவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள், அவரைப் போலச் செய்தது குறைவுதான். 'செய்துகாட்டினால் பரிசு' என்றதும், தண்டனையைப் பார்க்காத மற்றவர்கள் அளவுக்கு அவர்களும் செய்துகாட்டினார்கள். தண்டனையைப் பார்த்ததில் கை அடங்கியது, கற்றது அழியவில்லை. யார் யார் அந்த வீடியோவைப் பார்த்தார்கள், யாருக்குப் பயமாக இருக்கிறது என்று திட்டாமல் கேளுங்கள் மிஸ்.

பதில்: அறிவியல் ஆசிரியர்

'பலிக்காது' என்பதையும் விட்டுவிடாதீர்கள் டீச்சர். பதின்மூன்று வயதில் அதை அழுத்திச் சொல்ல ஆள் வேண்டும்.

பதில்: ஒரு அம்மா

என் மகளுக்கு அல்பினிசம்; பிறவியிலேயே தோலிலும் முடியிலும் நிறமி குறைவு. தான்சானியா, மலாவி போன்ற நாடுகளில் இப்படிப் பிறந்தவர்களின் உடல் உறுப்பு செல்வம் தரும் என்று நம்பிக் கொன்றிருக்கிறார்கள். சடங்குத் தாக்குதல்களை ஒழிக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் 2021-ல் தீர்மானமே போட்டது. அதைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, பதினோரு வயதில் என்னிடம் கேட்டாள்: "என் கை என்னம்மா விலை போகும்?" இரண்டு வருஷமாகியும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. உங்கள் வகுப்பிலும் 'என்னைப் பிடித்துக்கொண்டு போனால்?' என்று நினைத்தபடி ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். கேட்டவனுக்குச் சொல்லும்போது, கேட்காத அந்தப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியை மீண்டும்

நன்றி. இன்று பேசினேன். "நேற்று நான் சொன்னது பாதிதான். பலித்தாலும் அது கொலைதான்" என்று ஆரம்பித்தேன். செத்தவர் அன்று காலையில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று கேட்டேன். ரொம்ப நேரம் அமைதி. பிறகு ஒருத்தி, "வீட்டுல சாப்பிட வருவாங்கன்னு பாத்துட்டே இருந்திருப்பாங்க மிஸ்" என்றாள். அதற்கப்புறம் நிறையப் பேர் பேசினார்கள். மூன்று பேருக்கு ராத்திரியில் தனியாக எழுந்திருக்கப் பயமாம். கேள்வி கேட்டவன் மட்டும் தலை நிமிரவில்லை. நாளை அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன்.