வலி மாத்திரை மயக்கம் என்று நினைத்தோம், கால்சியம் ஏறியிருந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கட்டபெட்டு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து சில வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள், கொழுந்து பறிக்கக்கூடப் போனார்கள். பிறகு இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியது தெரிந்தது. போன உறைபனிக் காலத்தில் நடந்ததை எழுதத்தான் வந்தேன்.

முதலில் தாகம். எங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி யாரும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அம்மா குடித்தார்கள், குடிக்கக் குடிக்க எழுந்து பாத்ரூம் போனார்கள். மலச்சிக்கல், சோறு இறங்கவில்லை, பகலெல்லாம் தூக்கம். ஒருநாள் காலையில் என்னைச் செத்துப்போன பெரியம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எடை போட்டாச்சா, மூட்டையைக் கட்டு" என்றார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வலி மாத்திரை மயக்கம், வயசு, மூளைக்குப் போயிருச்சு, மனசு விட்டுப்போச்சு. "இனிமே அலைக்கழிக்காத, வீட்லயே வச்சுப் பாத்துக்க" என்று மாமா சொன்னதும் பாசத்தில்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டி வைத்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போனோம். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் எழுதியது கால்சியம் டெஸ்ட். 13.9 வந்தது. 8.5-க்கும் 10.5-க்கும் நடுவில் இருக்க வேண்டியது. சலைன் ஏற்றினார்கள், ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டார்கள், பிரஷருக்குச் சாப்பிட்டுவந்த தயசைடு மாத்திரையை நிறுத்தினார்கள், அதுவும் கால்சியத்தை ஏற்றுமாம். இரண்டு மூன்று நாளில் அம்மா கண்ணைத் திறந்து, பச்சைத் தேயிலை இப்போ கிலோ என்ன போகுது என்று கேட்டார்கள்.

புற்றுநோய் குணமாகிவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கிடைத்த மாதங்களில் தெளிவாகப் பேசினார்கள், தங்கச்சிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து சொன்னார்கள். அந்தப் பேச்சை நாங்கள் கிட்டத்தட்ட இழந்திருப்போம்.

ராகிக் களியும் பாலும் கொடுத்ததால்தான் கால்சியம் ஏறியது என்று அத்தை இன்னும் சொல்கிறார். சாப்பாட்டால் இல்லை, எலும்பிலிருந்து வந்தது என்றுதான் டாக்டர் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.

அரவங்காடு

அக்கா, டாக்டர் சொன்னதுதான் சரி. நான் பெங்களூரில் செல் உயிரியலில் ஆராய்ச்சி செய்கிறேன், கால்சியம்தான் என் வேலையே.

எலும்பில் போய் உட்காரும் மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் பிடிஎச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கும். எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அது தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது கால்சியத்தோடு டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியும் வெளியே வரும். அதைக் குடித்துப் புற்றுச் செல் இன்னும் அதிகமாகப் பிடிஎச்ஆர்பி சுரக்கும். ஜோலெட்ரானிக் ஆசிட் அந்த ஆஸ்டியோகிளாஸ்ட்டைத்தான் முடக்குகிறது. வேலை காட்ட இரண்டு நாளாவது ஆவதும் அதனால்தான். தாகத்துக்குக் காரணம் சிறுநீரகம். இரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாது. நரம்புச் செல்கள் தூண்டலுக்கு மந்தமாவதால் தூக்கமும் குழப்பமும்.

செல்லுக்குள் நடப்பது வேறு கதை. இரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் செல்லின் உள்ளே தனித்துத் திரியும் கால்சியம், சுமார் 100 நானோமோலார். பைக்காரா அணைக்குப் பின்னால் நிற்கிற தண்ணீர் மாதிரி வெளியே அவ்வளவு அழுத்தம். மதகைக் கொஞ்சம் திறந்தாலே செல்லுக்கு அது உத்தரவு. தசை சுருங்குவது, முட்டை கருவுறுவது, செல் பிரிவது, நகர்வது, சாவது எல்லாமே இந்த உத்தரவில்தான். 1883-லேயே சிட்னி ரிங்கர், கால்சியம் இல்லாத கரைசலில் தவளையின் இதயம் துடிப்பை நிறுத்திவிடுகிறது என்று காட்டிவிட்டார்.

மார்பகப் புற்றுச் செல்லில் நான் முதலில் பார்த்ததைச் சொல்கிறேன். கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் ஃப்ளுவோ-4 சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, வெளியே கால்சியமே இல்லாத திரவத்தில் வைத்தோம். தாப்சிகார்ஜின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தோம். செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் சேமித்த கால்சியம் கசிந்து, மங்கலாக ஒரு பச்சை ஏறி இறங்கியது. பிறகு வெளித் திரவத்தில் கால்சியத்தைச் சேர்த்ததும் திரை முழுக்கப் பளீரென்று ஆகிவிட்டது. சேமிப்பு காலி என்று உள்ளிருக்கும் ஸ்டிம்1 புரதம் கண்டுபிடித்து, செல் சவ்விலுள்ள ஓராய்1 வாசலைத் திறக்கிறது, அதுதான் அந்த இரண்டாவது வெளிச்சம். மார்பகப் புற்றுச் செல்லில் இந்த இரண்டையும் தடுத்தால் எலிகளில் பரவல் குறைகிறது என்று 2009-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. நோயாளிக்கு மருந்தாக அது இன்னும் வந்து சேரவில்லை. அதற்குத்தான் நாங்கள் உழைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்தால் செல் தானே செத்துப்போகும். பிசிஎல்-2 புரதம் கூடுதலாக உள்ள புற்றுச் செல்கள் சேமிப்பிலிருந்து வரும் கால்சியக் கசிவை அடக்கிவைத்துத் தப்பிக்கின்றன.

பண்ணைக்காடு

எங்க அப்பாவுக்கு மைலோமா, எலும்பு மஜ்ஜையில வர்ற புற்றுநோய். முதுகு வலின்னு சொல்லிட்டே இருந்தாரு, காப்பி மூட்டை தூக்கின முதுகு, அப்படித்தான் இருக்கும்னு தைலம் தேச்சோம். மதுரைக்குப் போறப்பல்லாம் வத்தலகுண்டு இறங்குற வரைக்கும் வாந்தி. காட் ரோடு வளைவுல யாருக்குத்தான் வாந்தி வராது? அந்த வளைவுலயே பிறந்து வளர்ந்த மனுசனுக்கு அறுபது வயசுக்கு மேல புதுசா ஏன் வரணும்னு ஒரு டாக்டர் கேட்டாரு. அந்த ஒரு கேள்விலதான் கால்சியமும், சிறுநீரகம் எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினினும் ஏறியிருக்கறது வெளிய வந்துச்சு.

ஜோலெட்ரானிக் ஆசிட் போடப்போற எல்லாரும் முன்னாடியே பல் டாக்டரைப் பாத்துருங்க. ஊசி ஆரம்பிச்ச பிறகு பல்லைப் பிடுங்கினா தாடை எலும்பு ஆறாமப் போறதுக்கு வாய்ப்பு இருக்கு. நாங்க முதல்ல போன இடத்துல யாரும் இதைச் சொல்லல. அப்பா ஆடுற பல்லோட ஊசி போட்டுக்கிட்டாரு, அப்புறம் பட்ட பாடு போதும். சிறுநீரகம் கெட்டிருந்தா ஊசியோட அளவைக் குறைக்கவோ ஊசியையே தவிர்க்கவோ வேண்டியிருக்கலாம், கிரியாட்டினின் ரிப்போர்ட்டை மறக்காமக் கையில கொண்டுபோங்க.

குன்னூர் லேப்

நான் இரத்தம் எடுப்பவள், அதனால் என் பக்கத்து விஷயம். மலைக் குளிரில் கையில் நரம்பு கிடைக்காது. இறுக்கிக் கட்டி, கையை மூடித் திற, மூடித் திற என்று ரொம்ப நேரம் தேடினால் கால்சியம் உண்மையைவிடக் கூடக் காட்டும். நான் முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கையைச் சூடாக்கிவிட்டுத்தான் கட்டுவேன். ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தம் கால்சியத்துக்கு ஆகாது, அதிலிருக்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடாமல் மெலிந்த நோயாளிக்கு ஆல்புமின் குறைந்திருக்கும், கால்சியம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆல்புமின் 4-இலிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிக்கொள்வது வழக்கம். கால்சியம் 10.2, ஆல்புமின் 2 என்றால் உண்மையில் 11.8. இப்படி நார்மல் என்று வீட்டுக்குப் போகும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

கூடலூர்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். என் மனைவி மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை எடுக்கிறாள். இதையெல்லாம் படித்துவிட்டு இன்று காலை மாத்திரையைத் தொடவில்லை. புற்றுநோய் வந்துவிடுமா?

அரவங்காடு

இல்லை அண்ணா, அண்ணியைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிடுகிற கால்சியம் நேராகப் போய்ச் செல்லின் வாசலைத் திறப்பதில்லை. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, சிறுநீரகம், எலும்பு மூன்றும் சேர்ந்து இரத்த அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கும். கால்சியம் ஏற்கெனவே ஏறியிருக்கும் நோயாளிக்குத்தான் மாத்திரையையும் விட்டமின் டி-யையும் நிறுத்துவார்கள். அளவு இறங்கிய பிறகு, ஜோலெட்ரானிக் ஆசிட் தொடரும்போது, அளவுக்கு மீறிக் குறைந்துவிடக் கூடாது என்று டாக்டரே பெரும்பாலும் இரண்டையும் எழுதிக் கொடுப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ விரல்கள் இழுத்துக்கொண்டாலோ கால்சியம் குறைகிறது என்று பொருள். மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.