டொரண்ட் ஓடினால் இணையம் படுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கொக்குவில் வீட்டில் ஃபைபர் இணைப்பு. உபுண்டு இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பை, கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்பு பரிமாறும் டொரண்டில் பகிரத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இணையம் நின்றுவிடுகிறது. கனடா அக்காவின் முகம் வாட்ஸ்அப்பில் வாய் திறந்தபடியே உறைந்துவிட, அம்மா என்னை முறைக்கிறார்.

ரவுட்டரில் பச்சை விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிகின்றன. ஆனால் அந்த நேரம் ரவுட்டரின் சொந்த அமைப்புப் பக்கமான 192.168.1.1கூடத் திறப்பதில்லை. அதனால் பழுது வெளி வயரில் இல்லை, ரவுட்டர்தான் திணறுகிறது என்று நினைக்கிறேன். அணைத்துப் போட்டால் உயிர் வருகிறது.

பதிவேற்ற வேகத்தைப் பாதியாக்கினேன், பலனில்லை. டொரண்ட் ஒரே நேரத்தில் வைக்கும் மொத்த இணைப்புகளை 500இலிருந்து 100 ஆக்கியதும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. நேட் அட்டவணை (ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் குறித்துவைக்கும் பட்டியல்) நிரம்புகிறதா? டிஎச்டியை (டொரண்ட் மற்றக் கணினிகளைத் தேடிப் பிடிக்கும் வசதி) நிறுத்தினால் குறையுமா? பிரிட்ஜ் முறையில் (இணைய நிறுவனத்தின் ரவுட்டரை வெறும் மோடமாக்கி) சொந்த ரவுட்டர் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். “டொரண்டை விடு” என்பதை அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.