36 வோல்ட் கோல்ஃப் கார்ட்டை 48 ஆக்க, ஒரு 12 வோல்ட் பேட்டரி சேர்த்தால் போதுமா?

கேள்வி:
வணக்கம். ஆறு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி (225 ஆம்பியர் மணி) போட்ட 36 வோல்ட் கார்ட். பேட்டரிகளுக்கு ஐந்து வயது. சமதளத்தில் மணிக்கு 19 கி.மீ. போகிறது, நாலு பேர் உட்கார்ந்தால் ஏற்றத்தில் திணறுகிறது. இருக்கிற ஆறோடு 100 ஆம்பியர் மணி 12 வோல்ட் பேட்டரி ஒன்றை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்து 48 ஆக்கலாமா? மோட்டார் டெர்மினல்கள் நாலும் ஒரே தடிமன். ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2 என்று போட்டிருக்கிறது. கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) லேபிளில் 36 மட்டும்தான். ஹெட்லைட்டுக்கு இரண்டு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறது.

பதில் 1:
அந்த ஏழாவது பேட்டரியைச் சேர்க்காதீர்கள். சீரிஸில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட். 225இல் பாதி தீர்வதற்குள் 100 காலியாகிவிடும். மற்ற ஆறும் அதற்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் துருவம் தலைகீழாகும். சார்ஜிலும் அதே கதி: அது முதலில் நிறைந்து கொதிக்கும், மற்றவை அரைகுறையாக நிற்கும்.

முதலில் இருப்பதைச் சோதியுங்கள். முழுசாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி ஓய்வில் விட்டு ஒவ்வொன்றையும் அளந்தால் 6.3க்கு மேல் காட்ட வேண்டும். பிறகு சுமையோடு ஏற்றத்தில் ஓட்டும்போது ஒவ்வொன்றிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மற்றவை 5.7இல் நிற்க, ஒன்று மட்டும் 5க்குக் கீழே விழுந்தால் திணறலுக்குக் காரணம் அதுதான், வோல்ட் அல்ல. ஐந்து வயதுப் பேட்டரியில் இது ரொம்ப சகஜம்.

பதில் 2:
எஸ்1, எஸ்2 என்றால் சீரிஸ் மோட்டார், அதாவது சுழலும் ஆர்மேச்சரிலும் ஃபீல்டு (காந்தச்) சுருளிலும் ஒரே கரண்ட் ஓடும் வகை. இதை 48இல் ஓட்டலாம். எஃப்1, எஃப்2 என்று இரண்டு டெர்மினல் மெலிசாக இருந்திருந்தால் அது செபெக்ஸ் மோட்டார் (ஃபீல்டு சுருளுக்குத் தனி கரண்ட்). அதன் ஃபீல்டு கரண்டையும் கன்ட்ரோலரே பார்த்துக்கொள்வதால் மோட்டாருக்கென்றே அமைத்த கன்ட்ரோலர் வேண்டும்.

வோல்ட் கூடினால் கூடுவது வேகம், 19 என்பது சுமார் 25 ஆகும். இழுவையைத் தருவது ஆம்பியர். பெடலை முழுக்க மிதித்தும் ஏற்றத்தின் நடுவில் வேகம் சரிகிறது என்றால் 48 உதவும். நின்ற இடத்திலிருந்து ஏறவே மறுக்கிறது என்றால், கன்ட்ரோலரின் ஆம்பியர் வரம்புதான் தடை.

36 மட்டும் போட்ட கன்ட்ரோலரில் 48ஐக் கொடுக்காதீர்கள். சார்ஜ் முடியும் நேரத்தில் 48 வோல்ட் செட் 58-60 வரை போகும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அதைத் தாங்காமல் போகலாம். 36-48 என்று போட்ட, 400 ஆம்பியர் சீரிஸ் கன்ட்ரோலர் எடுங்கள். பெடல் சென்சார் வகை பொருந்துகிறதா என்று வாங்குமுன் பாருங்கள்: 0-5 கிலோ ஓம், 5-0 கிலோ ஓம், இண்டக்டிவ் என மூன்றும் வேறு வேறு. பலர் கோட்டைவிடும் இடம் இது.

சோலனாய்டும் (மெயின் கரண்டை இணைக்கும் காந்த ஸ்விட்ச்) 48 வோல்ட் காயில் உள்ளதாக வேண்டும். 36 காயிலில் 48 கொடுத்தால் சூடு 1.78 மடங்கு. பெரிய டெர்மினல்கள் இரண்டுக்கும் குறுக்கே 470 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். சிறியவற்றுக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் ஒரே அடியாக கரண்ட் இழுத்து, சோலனாய்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கன்ட்ரோலர் ஷார்ட் ஆனால் வண்டியை நிறுத்த எதுவும் குறுக்கே இல்லை. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

கேபிள் 35 சதுர மி.மீ., பேட்டரி பக்கம் ஃபியூஸ், 48 வோல்ட் சார்ஜர். இடம் அதேதான்: ஆறு 8 வோல்ட், 170 ஆம்பியர் மணி பேட்டரி. ஆனால் 36 × 225 = 8.1 கிலோவாட் மணி; 48 × 170 = 8.16. ஒரு சார்ஜில் போகும் தூரம் கூடாது.

ஹெட்லைட்டை இரண்டு பேட்டரியிலேயே விட்டால், இரண்டு 8 வோல்ட் சேர்ந்து 16, பல்ப் போய்விடும். 48-12 டிசி கன்வர்ட்டர் போட்டு மொத்த செட்டிலிருந்தும் எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அளந்துவிட்டேன். ஐந்து 6.34, ஒன்று மட்டும் 5.9. ஏற்றத்தில் அது 4.2க்கு இறங்குகிறது. எப்படியும் பேட்டரி மாற்ற வேண்டும், வேகமும் வேண்டும், அதனால் 48க்கே போகிறேன். லித்தியம் போடலாமா?

பதில் 3:
போடலாம். 16 செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), பெயரளவு 51.2 வோல்ட், சார்ஜ் 58.4. அதற்கென்ற சார்ஜர்தான் வேண்டும். முக்கியம் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்): 100 ஆம்பியர் பிஎம்எஸ்ஸோடு 400 ஆம்பியர் கன்ட்ரோலரை இணைத்தால் ஏற்றத்தின் நடுவே வண்டி பொசுக்கென்று அணைந்துவிடும். கன்ட்ரோலரின் உச்ச ஆம்பியரைச் சில விநாடிகளாவது தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது.

வேலை தொடங்கும்முன் வயரிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்து, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, மெயின் நெகட்டிவை முதலில் பிரியுங்கள். மாட்டும்போது அது கடைசி. கன்ட்ரோலரின் இரு பேட்டரி டெர்மினல்களுக்கும் குறுக்கே அந்த 470 ஓம் ரெசிஸ்டரைச் சில விநாடி பிடித்தால் கெப்பாசிட்டர் காலியாகும்.

சக்கரம் தூக்கிய நிலையில் சோதிக்கும்போது பெடலை லேசாகத் தொட்டால் போதும். சுமை இல்லாத சீரிஸ் மோட்டாரின் வேகத்துக்கு எல்லை கிடையாது, ஆர்மேச்சர் பிய்ந்துவிடும். இறக்கத்தில் பெடலை மிதித்தாலும் அதே ஆபத்துதான்.

பிரேக்கையும் இறுக்குங்கள், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிற்கும் தூரம் கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். முதல் பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் வண்டியை அணைத்துவிட்டு ஒவ்வொரு லக்கையும் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கே நட்டு தளர்வு, இல்லை கிரிம்ப் (லக்கைக் கேபிளில் நசுக்கிப் பிடித்த இடம்) சரியில்லை.