புருனையில் ஆள்வது மதமா, மன்னரா?

கடல்நண்டு: நேற்று இங்கே ஒருவர் "புருனையில் இஸ்லாம் வெறும் மேல்பூச்சு, ஆள்வது எண்ணெய்ப் பணம்" என்று எழுதிவிட்டுப் போனார். ஐயா, வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்கு தலைநகர் பண்டார் ஸ்ரீ பகவானில் போய் ஒரு டீ கேட்டுப் பாருங்கள். ஜும்ஆ தொழுகை நேரம், 2 மணி வரை ஷட்டர் ஏறாது. சீனர் கடையும்தான். மேல்பூச்சா கடையை மூடும்?

பழைய செரியா: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். புருனையின் எண்ணெய் ஊரான செரியாவில் 9 வருஷம் உழைத்தவன். 1929-ல் அங்கே எண்ணெய் கிடைத்தது. இன்றைக்கும் ஜனங்களுக்கு வருமான வரி கிடையாது. வரி கேட்காத அரசை யார் கேள்வி கேட்பார்கள்? இரண்டு மணி நேர ஷட்டரை வைத்து ஒரு நாட்டை அளக்காதீர்கள்.

சட்டப்புலி: 9 வருஷம் இருந்தும் இதுதான் கண்டதா? 1959 அரசியலமைப்பிலேயே ஷாஃபி வழி (சுன்னி பிரிவின் ஒரு சட்ட மரபு) இஸ்லாம்தான் அரச மதம். 1984 ஜனவரி 1, சுதந்திரத்தன்று சுல்தான் சொன்னது 'மெலாயு இஸ்லாம் பெராஜா'. மலாய், இஸ்லாம், முடியாட்சி. பள்ளியில் பாடமே இருக்கிறது. அந்த 12 டு 2 பழக்கம் இல்லை சார், கட்டளை.

பழைய செரியா: அதே அரசியலமைப்பில் மதத்துக்குத் தலைவர் யார் என்றும் படியுங்கள். சுல்தான். பிரதமரும் அவரே. 2019 ஏப்ரல் 3-ல் ஷரியா தண்டனைச் சட்டம் முழுசாக அமலானது. உலகமே கத்தியது. மே 5-ல் அவர் பேசினார்: பொதுச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் மரண தண்டனை நிறுத்திவைப்பு இந்த ஷரியா சட்டத்துக்கும் பொருந்தும் என்று. ஒரே பேச்சு, கதை முடிந்தது. இதில் யார் யாரை ஆள்கிறார்?

சட்டப்புலி: நிறுத்திவைத்தார். நீக்கினாரா? நீக்கினாரா என்று கேட்கிறேன். சட்டம் புத்தகத்தில் அப்படியே கிடக்கிறது. ஷட்டரும் வெள்ளிக்கு வெள்ளி இறங்குகிறது.

மீரி மாப்பிள்ளை: நான் எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் மீரியில். 1991-லிருந்து அங்கே மது விற்பனை இல்லை. ஆனால் முஸ்லிம் அல்லாதவர் சுங்கத்தில் சொல்லிவிட்டு 2 பாட்டில், 12 கேன் பீர் கொண்டுபோகலாம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடல்நண்டு: மாப்பிள்ளை, உங்கள் கணக்கு எப்போதும் கேனில்தான் முடியும். முதலில் 'புரூணை' என்று சரியாக எழுதச் சொல்லுங்கள், தலைப்பே தப்பு.

மீரி மாப்பிள்ளை: தலைப்பு நான் வைத்ததா? போன மாதம் மலேசிய மாநிலங்கள் சபாவையும் சரவாக்கையும் மாற்றி எழுதிய ஆள் எனக்கு எழுத்துப் பாடம் எடுக்கிறார்.

பழைய செரியா: எழுத்தை விடுங்கள். 1962 கிளர்ச்சியை அடக்க வந்தது பிரிட்டனின் கூர்க்காப் படை. இன்றும் செரியாவில் முகாம் இருக்கிறது. சிம்மாசனத்தைத் தாங்குவது தொழுகையா, துப்பாக்கியா? நான் வெள்ளிதோறும் 11.50-க்கு ஒரு டாலர் நாசி காத்தோக் (சோறு, பொரித்த கோழி, சம்பல்) வாங்குவேன். பழுப்புத் தாள் பொட்டலம், சம்பல் எண்ணெய் மடியில் ஒழுகும். காரில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டவன், எந்தக் கெடுபிடியும் பார்க்கவில்லை.

சட்டப்புலி: காரில் ஏன் அண்ணே? கடையில் மேஜை இல்லையா?

பழைய செரியா: ஏசிக்காக.

சட்டப்புலி: 11.50-க்கு ஏன் ஓடினீர்கள்? 12.30-க்குப் போயிருக்கலாமே?

பழைய செரியா: எனக்கு 11.50-க்குத்தான் பசிக்கும்.

கடல்நண்டு: வெள்ளிக்கிழமை மட்டும்!

பழைய செரியா: எண்ணெய் விலை விழட்டும், அப்போது பேசுவோம்.

சட்டப்புலி: விழும்போதும் 12-லிருந்து 2 வரை மூடித்தான் இருக்கும்.

மீரி மாப்பிள்ளை: சபா எங்கே இருக்கிறது என்று கடல்நண்டு இன்னும் சொல்லவில்லை.